'பஸ்' என்று ஒரே ஒரு முறை சொன்ன பையன்

வாசகி ஒருவர் ஸ்பீச் தெரபிஸ்டான எனக்கு ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சிறு நகரம். கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். ஒரே மகன், 3 வயது 10 மாதம். இங்கே அவனைக் குட்டி என்றே சொல்கிறேன். சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிகிறது. "அப்பா செருப்ப எடுத்துக் கட்டிலுக்கு அடியில வையி" என்றால் அப்படியே வைக்கிறான். ஆனால் பேச்சென்று பார்த்தால் 'ம்மா', 'பா', 'ஆ' இவற்றைத் தாண்டிப் பத்துச் சொல் தேறாது. அதுவும் ஒரு நாள் வருவது மறுநாள் வருவதில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுகிறான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் 'பஸ்' என்று அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தச் சொல் வரவில்லை. "சொல்லத் தெரியும், திமிருல சொல்ல மாட்டேங்கிறான்" என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். 'பேர் சொன்னால்தான் பிஸ்கட்' என்று ஒரு சட்டம் போட்டு, தினமும் வீட்டில் அழுகை. மாமியாரோ, குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லை, செந்தூர் முருகன் பார்த்துக்கொள்வான் என்று தினமும் நாக்கில் வசம்பு தடவுகிறார். பக்கத்து வீட்டில், நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும், வெட்டிவிடுங்கள் என்கிறார்கள். கடைசியில் மதுரையில் ஒரு குழந்தைகள் டாக்டர் 'வெர்பல் அப்ராக்சியா?' என்று எழுதி, ஸ்பீச் தெரபிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

இவர் முன்னால் இப்போது மூன்று இடங்கள். ஒன்று, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு சென்டர். வாரம் ஐந்து நாள், நாலு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து ஒரு மணி நேரம். ஆறு மாத பேக்கேஜ் 72,000 ரூபாய், முன்பணமாகக் கட்ட வேண்டும். "ஆறு மாசத்துல பேச வெச்சிருவோம், கேரண்டி" என்கிறார்கள். இரண்டாவது, மதுரையில் தனியாக நடத்தும் ஒரு பெண் தெரபிஸ்ட். வாரம் இரண்டு நாள், தலா 45 நிமிடம், ஒரு முறைக்கு 600 ரூபாய். மூன்றாவது, சென்னையிலிருந்து ஆன்லைனில். 'எது நல்லது என்று ஒரே வரியில் சொன்னால்கூடப் போதும்' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: மதுரை. ஏன் என்று நீங்கள் தெரிந்துகொண்டால், நாளைக்கே அந்த தெரபிஸ்ட் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அடுத்தவரை யாரையும் கேட்காமல் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மீதி வரிகள் அதற்காகத்தான்.

அந்தக் கேள்விக்குறி

டாக்டர் நோயின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டதைப் பார்த்து, 'அவருக்கே தெரியவில்லையா' என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் அவர்மேல் மரியாதைதான் வந்தது. பிள்ளை கொஞ்சமாவது பேசினால்தான் அந்தப் பேச்சில் தவறு எப்படி விழுகிறது என்று பார்க்க முடியும். பத்துச் சொல்கூட இல்லாத பிள்ளையை இருபது நிமிடம் பார்த்துவிட்டு 'இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சந்தேகம் என்று குறித்துக்கொண்டு, அதற்குரிய பயிற்சியைத் தொடங்கி, பிள்ளை எப்படி முன்னேறுகிறான் என்பதை வைத்து உறுதிசெய்வதுதான் நடைமுறை.

வெர்பல் அப்ராக்சியா என்பது என்ன கோளாறு? குட்டியின் நாக்கிலோ உதட்டிலோ பலக்குறைவு இல்லை. அதே நாக்கால் ஐஸ்கிரீம் நக்குகிறான், அதே தாடையால் முறுக்கு கடிக்கிறான். என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். 'பால்' என்று சொல்ல உதட்டை மூடி, திறந்து, குரலை ஓடவிட்டு, சரியான நேரத்தில் நாக்கு நுனியை மேலே ஏற்ற வேண்டும். நாமெல்லாம் யோசிக்காமல் செய்யும் இந்த வரிசையைத் திட்டமிட்டுத் தசைகளுக்கு அனுப்புவதில்தான் அவன் மூளைக்குத் தகராறு. ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். டி.வி. பார்த்ததாலோ, நீங்கள் வேலைக்குப் போனதாலோ வந்ததில்லை. கடிதத்தில் நாலு இடத்தில் அதைக் கேட்டிருக்கிறீர்கள். நாலுக்கும் இதுதான் பதில்.

அமெரிக்கப் பேச்சு-மொழி-செவியியல் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. அதைத் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் எப்படிக் கேட்கிறோம் என்று சொல்கிறேன். 'காக்கா' என்று அஞ்சு முறை சொல்லச் சொன்னால் ஒரு முறை 'தாக்கா', ஒரு முறை 'காஆ', ஒரு முறை 'பாக்கா' என்று தவறு மாறிக்கொண்டே இருக்கும். 'பாட்டி' என்பது 'பா... ட்டி' என்று நடுவில் அறுந்து வரும். மூன்றாவது, பேச்சின் தாளம் கெடும். ஆங்கிலத்தில் அதை அழுத்தத்தில் பார்ப்பார்கள். நான் குறில் நெடிலில் பார்க்கிறேன், பல்லும் பாலும் ஒன்றாகிவிடும். காக்காவை எப்போது கேட்டாலும் 'தாத்தா' என்றே சொல்லும் பிள்ளையும் என்னிடம் வருவதுண்டு. அந்தத் தவறு மாறாது. அது வேறு வகை, அதற்குப் பயிற்சியும் வேறு.

ஏழு பக்கத்தில் ஒரு விஷயம் மட்டும் இல்லை. காது கேட்கும் பரிசோதனை செய்தீர்களா? கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காதுக்குள் நீர் கட்டி, பாதி ஒலி மங்கலாகக் கேட்கும். அவனும் திரும்பத்தான் செய்வான். எந்தத் தெரபிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் முறையான பரிசோதனை ஒன்று செய்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து சென்டரில் "லைட்டா ஆட்டிசம் டச் இருக்கு" என்று சொன்னதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போகிறபோக்கில் சொல்கிற விஷயமா அது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவன் விரல் நீட்டிக் காட்டுகிறான், புதிதாக எதையாவது பார்த்தால் உங்களையும் பார்க்கச் சொல்கிறான். இவை நல்ல அறிகுறிகள். ஆனாலும் கடிதத்தை வைத்து நானும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரிடம் ஒருமுறை முழுதாகக் காட்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

திமிர் இல்லை

இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் கொடுங்கள். தானாக வந்து விழுந்த ஒரு சொல், 'எங்கே, சொல்லு பாப்போம்' என்றதும் வராமல் போவது இந்தக் கோளாறில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. பஸ் ஸ்டாண்டில் அவனை யாரும் கேட்கவில்லை. பஸ் வந்தது, சந்தோஷத்தில் சொல் வந்தது. கேட்டவுடன் அவன் அதைத் திட்டமிட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் இடிக்கிறது. சிலருக்குக் கேட்பவர் முகத்தில் ஆவல் கூடக்கூட வாய் இன்னும் இறுகும்.

பிஸ்கட் சட்டத்தை இன்றோடு எடுத்துவிடுங்கள். அவன் கையை நீட்டும்போது நீங்கள் அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, "தா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒரு நொடி பாருங்கள். வாய் அசைந்தாலும் சரி, அசையாவிட்டாலும் சரி, பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்குப் பேச்சே தண்டனையாகிவிட்டால், தெரபி அறைக்குள் அவனை வாய் திறக்க வைக்கவே எங்களுக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல் வந்து காணாமல் போவது வேறு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பல சொற்களை வரிசையாக இழப்பதும், நாம் சொல்வதைப் புரிந்துகொள்வது குறைவதும், வலிப்பு வருவதும் வேறு. அப்படி எதுவும் நடந்தால் தெரபிஸ்டிடம் போகாதீர்கள், நேராகக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கோடு போட்டு எண்ணுங்கள்

பக்கத்து சென்டரில் என்ன செய்கிறார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். விசில் ஊதுவது, மெழுகுவர்த்தி அணைப்பது, ஸ்ட்ராவால் பஞ்சை உறிஞ்சுவது, அதிரும் பிரஷ்ஷால் கன்னத்தைத் தேய்ப்பது. 'வாய்த் தசைக்கு பலம் வந்தால் பேச்சு வரும் என்கிறார்கள், சரிதானே?' என்று கேட்கிறீர்கள்.

நானும் ஊத வைத்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன், கூட வேலை பார்த்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு பையன் ஏழெட்டு மாதம் என்னிடம் வந்தான். கடைசியில் மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை மெழுகுவர்த்தியை ஒரே ஊதில் அணைப்பான். பேச்சு மட்டும் வந்த அன்றைக்கு இருந்த அதே 'ம்மா'. ஒரு நாள் அவன் அம்மா, "டீச்சர், பேசாம நாதஸ்வரம் கத்துக்க விட்டுரலாமா?" என்று கேட்டார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அந்த அம்மா கட்டிய பணமும், அதைவிட அந்த ஏழெட்டு மாதமும் இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

தசையில் பலம் குறைந்ததால் வந்த கோளாறு இல்லை இது. ஊதினால் ஊதத்தான் வரும். பேச்சு வர வேண்டுமென்றால் பேச்சைத்தான் பழக வேண்டும், அதுவும் கணக்கில்லாமல் திரும்பத் திரும்ப. சைக்கிள் ஓட்டப் பழகுகிறவன் சைக்கிளில் ஏறித்தானே ஆக வேண்டும்?

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு வேலை செய்யுங்கள். உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு தாளில், குட்டி ஒரு சொல்லையோ அசையையோ சொல்ல முயலும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டாம், முயன்றாலே ஒரு கோடு. முதல் ஒன்றிரண்டு நாள் பிள்ளை மிரண்டிருப்பான், அதை விட்டுவிடுங்கள். பழகிய பிறகு 45 நிமிடத்தில் இருபது கோடுகூட விழவில்லை என்றால் அந்த இடம் அவனுக்கு உதவாது. நூறைத் தொட்டால் நல்ல கை. நாலு பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் அறையில் அந்த நூறு எங்கிருந்து வரும்? குழுவாக உட்கார வைப்பது கெட்டதென்று சொல்லவில்லை. பேச்சு கொஞ்சம் பிடிபட்ட பிறகு, கற்றதை மற்ற பிள்ளைகளிடம் பேசிப் பார்க்க அது வேண்டும். தொடக்கத்தில் அவனுக்குத் தேவை எதிரே ஒரு முகம், அது முழுக்க அவனுக்கே.

மதுரை தெரபிஸ்டைப் பற்றி நீங்கள் குறையாக எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'விளையாட்டுச் சாமானே அதிகம் இல்லை. வெறும் அஞ்சு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்ல வைக்கிறார். என்னையும் உள்ளேயே உட்கார வைத்துக்கொள்கிறார், அதனால் பையன் என்னைப் பார்த்து அழுகிறான்.' நான் மதுரை என்று சொன்னதற்கு இந்த மூன்று வரிதான் காரணம்.

அடுத்த முறை அவர் செய்வதை உற்றுப் பாருங்கள். தன் முகத்தை அவன் பார்க்கிறானா என்று முதலில் பார்ப்பார். 'வா' என்பதை இருவரும் ஒரே நேரத்தில், இழுத்து, மெதுவாகச் சொல்வார்கள். தேவைப்பட்டால் விரலால் அவன் உதட்டையோ தாடையையோ தொட்டு வழி காட்டுவார். பிடிபட்டதும் தன் குரலை எடுத்துவிட்டு வாயை மட்டும் அசைப்பார். அப்புறம் அவர் சொன்ன பிறகு அவன் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர் சொல்லி இரண்டு மூன்று நொடி காத்திருந்து அவன் சொல்ல வேண்டும். தடுக்கினால் மறுபடி ஒரு படி கீழே இறங்கிச் சேர்ந்து சொல்வார். இந்த ஏறுவதும் இறங்குவதும்தான் வித்தை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய ஈடித் ஸ்ட்ராண்ட் வகுத்த முறை இது, டி.டி.டி.சி. என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் கோளாறு கடுமையாக உள்ளவர்களுக்கும் ஏற்றது.

இன்னும் சில பயிற்சி முறைகளின் பெயர்களையும் நீங்கள் இணையத்தில் படித்திருக்கிறீர்கள்: ப்ராம்ப்ட், நஃபீல்ட், ரெஸ்ட். பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி அவ்வளவாக இல்லை என்பதே உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் உலகம் முழுவதும் தேடியபோது, பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டது அது. 4 முதல் 12 வயது வரையான 26 பிள்ளைகள், வாரம் நாலு நாள், ஒரு மணி நேரம் வீதம் மூன்று வாரம். நஃபீல்ட், ரெஸ்ட் இரண்டிலுமே பிள்ளைகள் முன்னேறினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த 'வாரம் நாலு நாள்'. ரெஸ்ட் முறை பொருளில்லாத சொற்களை ஆங்கிலத்தின் அழுத்த முறைப்படி சொல்ல வைப்பது. அதை அப்படியே தூக்கித் தமிழ்ப் பிள்ளைக்கு வைத்தால் பொருந்தாது. பத்துச் சொல்கூடத் தேறாத குட்டிக்கு அது இப்போது தேவையும் இல்லை.

சரி, மதுரை வாரம் இரண்டே நாள்தானே? அது போதாது. இந்தக் கோளாறுக்கு வாரம் மூன்று முதல் ஐந்து முறை தனிப் பயிற்சி வேண்டும் என்பதே துறையில் பொதுவாகச் சொல்வது. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் அலைந்தால் பிள்ளை தூங்கி வழிவான், நீங்களும் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். அதனால் அவரிடமே கேளுங்கள்: இரண்டு நாள் நேரில், இன்னும் இரண்டு நாள் இருபது நிமிடம் வீடியோவில், நடுவில் பிள்ளையைத் தொட்டு வழிகாட்டும் கை உங்களுடையது. முன்பின் தெரியாத சென்னை தெரபிஸ்டைக் கண்டதும் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிய குட்டி, பழகிய முகம் என்றால் உட்கார வாய்ப்பு அதிகம். மற்ற நாட்களில் வீட்டில் ஐந்தைந்து நிமிடமாக நாலு முறை. குளிக்கும்போது ஒன்று, ஊஞ்சலில் ஒன்று, இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பிடித்து உட்கார வைக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். தொடங்கும் அன்று அந்த ஐந்து சொற்களையும் அவன் சொல்வதை வீடியோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சொற்களை, தெரபி அறைக்கு வெளியே, வேறொருவரிடம் சொல்கிறானா? சொன்னால் சரியான பாதை. இல்லையென்றால் தெரபிஸ்டிடம் கேளுங்கள், சொற்களை மாற்றலாமா, முறையை மாற்றலாமா என்று. நல்ல தெரபிஸ்ட் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் கட்டுவதற்கு முன்

72,000 ரூபாயை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,000. மதுரை மாதத்துக்கு 4,800-ம் பஸ் செலவும். பணத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த கேரண்டி. தகுதியுள்ள யாரும் இந்தக் கோளாறுக்குத் தேதி குறித்துத் தர மாட்டார்கள். கடுமையாக உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி மாதக் கணக்கில் முடியாது, வருடக் கணக்கில் போகும். பள்ளிக்கூடம் போன பிறகு எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் சிலர் தடுமாறுவார்கள். அதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அங்கே பயிற்சி கொடுப்பவர் யார் என்று கேட்டீர்களா? 'சைக்காலஜி படித்த ஒரு பெண்' என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு-செவியியல் பட்டம் படித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் இந்த வேலையைச் செய்யலாம். 1992-ஆம் வருடச் சட்டப்படி பதிவில்லாமல் செய்வது சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். பதிவு எண்ணைக் கேளுங்கள், குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மதுரையிலும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். என்னிடம் யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். எங்கே பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். இது காசு கொடுத்துப் பெறும் சேவை, ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

காசில்லாத வழி ஒன்றும் இருக்கிறது, நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்ததிலிருந்து 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் டி.இ.ஐ.சி. என்ற மையங்களை மாவட்ட அளவில், அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கிறார்கள். கூட்டம் இருக்கும், அடிக்கடி நேரம் கிடைக்காமல் போகலாம். ஆனால் காது பரிசோதனைக்கும் முதல் மதிப்பீட்டுக்கும் அங்கே கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனமோ, மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு-கேட்டல் நிறுவனமோ இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை போய்வந்தால் போதும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் எடுக்கலாமா என்ற கேள்விக்கு: 2016-ஆம் வருடச் சட்டத்தில் பேச்சு-மொழிக் குறைபாடு இருக்கிறது, ஆனால் 'நிரந்தரமான' குறைபாடு என்ற வரையறையோடு. இன்னும் பயிற்சியே தொடங்காத குட்டிக்கு அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். 'பேச்சு வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க' என்று சொன்ன பள்ளிக்கு டாக்டரின் கடிதத்தோடு மறுபடி போய்ப் பேசுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிள்ளைக்குத் தேர்வு வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. எல்.கே.ஜி.க்குச் சண்டை போடுவதைவிட, பேசாத பிள்ளையையும் மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் ஒரு டீச்சர் உள்ள பள்ளியைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

வீட்டுக்குள்ளே

அத்தையைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளைக்குச் செந்தூர் சன்னதியில் பேச்சு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். எனக்கும் என் ஆச்சி சொன்ன கதைதான். எல்லோரும் சேர்ந்து திருச்செந்தூர் போய் வாருங்கள். ஐந்து வயது வரை காத்திருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வசம்பையும் நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்கு நச்சுத்தன்மை உண்டு. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968-இலேயே தடை போட்டுவிட்டார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று நம் ஊரில் அதற்கொரு பெயர் இருப்பதால் இதை நம்ப அத்தைக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். 'டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்' என்று பழியை எங்கள் மேல் போடுங்கள்.

நாக்கை வெட்டுவது பற்றி: நாக்கு ஒட்டியிருந்தால் சில பிள்ளைகளுக்கு ல, ர மாதிரி நுனி நாக்கு ஒலிகளில் சிரமம் வரலாம். குட்டிக்கு உதட்டில் பிறக்கும் 'ப'-வே ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. உதடு செய்யும் தவறுக்கு நாக்கை வெட்டி என்ன ஆகப் போகிறது?

வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்ன ப்ரீஸ்கூலின் யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் கோளாறு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் வருமோ அதில் பேசுங்கள். படத்தைத் தொட்டால் பேசும் ஆப் கொடுத்தால் சோம்பேறியாகி வாயே திறக்க மாட்டான் என்று பயப்படுகிறீர்கள். இதுவரை வந்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடத்தான் செய்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் ஆப் தமிழிலும் இருக்கிறது. ஆப் வேண்டாமென்றால் பத்துப் படத்தை ஒட்டிய அட்டை போதும். வயிறு வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாத பிள்ளை கடிக்கத்தான் செய்வான். அவன் கடிப்பதாக நீங்கள் எழுதியதும் இதில்தான் சேர்த்தி.

வேலையை விட வேண்டாம். இப்போதைக்கு வாரத்தில் ஒரு நாள் நீங்கள் போங்கள், ஒரு நாள் உங்கள் கணவர் கடையை வேலை பார்க்கும் பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். அவரும் உள்ளே உட்கார்ந்து கோடு போடட்டும். தன் மகன் ஒரு 'வா'-வுக்கு எத்தனை முறை வாயைத் திறந்து மூடுகிறான் என்று ஒரு நாள் பார்த்துவிட்டால், திமிர் என்ற சொல் அப்புறம் அவர் வாயில் வராது.

அந்த ஐந்து சொற்கள் எவை என்று நீங்களே சொல்லலாம் எனத் தெரபிஸ்ட் சொன்னதாகவும், நீங்கள் பழம், பூ, நாய், கலர் பெயரெல்லாம் எழுதி வைத்திருப்பதாகவும் சொல்கிறீர்கள். அந்தப் பட்டியலை அப்படியே வைத்திருங்கள், இப்போது வேண்டாம். ஒரு நாளைக்கு இருபது முறை அவனுக்குப் பயன்படும் குட்டிச் சொற்களாகப் பாருங்கள்: வா, போ, தா, ஆமா. 'வேணாம்' சற்றுக் கடினம், 'ணா' என்று வந்தாலும் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மறுக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிக் கோபம் குறையும். 'பஸ்' கட்டாயம் வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள், புரிகிறது. 'ஸ்' இந்த வயதுக்குக் கொஞ்சம் மூத்த ஒலி, இப்போது விட்டுவிடலாம். மதுரை போகும்போது அவனை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் எதிரே எத்தனையோ பஸ் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'வா', ஒரு 'போ'.